வண்டியில் பத்து சீட் காலியாக இருந்தது

எங்கள் பள்ளியின் தலைமையாசிரியர் அம்மாவுக்கும், ஆசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் அக்காவுக்கும், குழு உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். போன நவம்பரில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கீழடிக்குக் கூட்டிப்போன இரண்டு வேன்களில் பெரியதை ஓட்டியவன் நான். என் மகள் அந்த வகுப்பில் படித்தாள். இப்போது எட்டாம் வகுப்பு. பதினெட்டு வருஷமாக மதுரையில் வேன் ஓட்டுகிறேன். குழுக் கூட்டம் நடக்கிற நாளில் பெரும்பாலும் சவாரியில் இருப்பேன். நேரில் வந்து பேச முடியாததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மற்ற பள்ளிப் பெற்றோரும் படித்தால் நல்லது என்று தோன்றியதால் எல்லாரும் பார்க்கும்படியே எழுதுகிறேன். சீக்கிரமே இரண்டாம் பருவம் வருகிறது. அந்தப் பருவத்துச் சுற்றுலாவுக்கும் விழாக்களுக்குமான திட்டத்தை நீங்கள் முடிவு செய்வதற்குள் இது உங்கள் கையில் கிடைக்க வேண்டும்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். போன வருஷம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை என் மகள் வரலாறு படித்த மாதிரி நான் என் காலத்தில் ஒரு நாளும் படித்ததில்லை. எங்களுக்கெல்லாம் வரலாறு என்றால் பானிபட் போர் நடந்த வருஷம், அக்பர் பிறந்த வருஷம், பரீட்சை முடிந்ததும் மறதி. சமூக அறிவியல் டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? பாடத்தைத் திறப்பதற்கு முன்பே, வீட்டில் இருப்பதிலேயே பழைய பொருள் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். எங்கள் வீட்டில் என் தாத்தா நெல் அளந்த இரும்புப் படி ஒன்று கிடக்கிறது. அடி துருப்பிடித்து, விளிம்பு நசுங்கிப்போனது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று நான்தான் இரண்டு தடவை எடுத்து வைத்தேன். மகள் அதைத் துணியில் சுற்றி எடுத்துப்போனாள். அன்று சாயங்காலம் வந்து கேட்கிறாள்: "அப்பா, இந்தப் படியில யாருக்கு அளந்தாங்க? நமக்கு அளந்துக்கிட்டதா, இல்ல கூலிக்கு அளந்து குடுத்ததா?"

எனக்குத் தெரியவில்லை. என் அம்மாவுக்குப் போன் போட்டேன். என் தாத்தா ஒரு பண்ணையில் களத்து வேலை பார்த்தவர், கூலி நெல்லை அளந்து வாங்கத்தான் சொந்தமாக ஒரு படி வைத்திருந்தார், அவர்கள் அளக்கிற படி மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை என்று அம்மா சொன்னார்கள். நாற்பத்து நான்கு வயதில் என் குடும்பத்தைப் பற்றி நான் தெரிந்துகொண்டது அது. அந்தப் படி இப்போது அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. டீச்சருக்கு என் கும்பிடு.

அதே மாதம் அவர் மதுரைக் கோவில் நுழைவைப் பற்றியும் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பாடப்புத்தகத்தில் அந்த வாரப் பாடம் வேறு. நம் ஊரில் நடந்தது என்பதால் சேர்த்துச் சொன்னாராம். 1939 ஜூலை 8-ஆம் தேதி மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாதய்யர் முன்னால் நடக்க, தாழ்த்தப்பட்டவர்கள், நாடார் என்று அதுவரை உள்ளே விடப்படாத சிலர் மீனாட்சியம்மன் கோவிலுக்குள் போனார்கள். அவர்களில் ஒருவர் மேலூருக்குப் பக்கத்தில் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன். பின்னாளில் தமிழ்நாட்டின் உள்துறை அமைச்சராக இருந்தவர். அந்த வருஷமே கோவில் நுழைவுக்குச் சட்டமும் வந்தது. நான் வாரத்துக்கு நாலு தடவை வெளியூர்க்காரர்களை அந்தக் கோவில் வாசலில் இறக்கிவிடுகிறேன். அந்த வாசலுக்கு இப்படி ஒரு கதை இருப்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளை சொல்லித்தான் கேட்டேன்.

கதையைச் சொல்லி முடித்துவிட்டு மகள் கேட்டாள்: "அதுக்கு முன்னாடி அவங்கள்லாம் வாசல்லயே நின்னு பாத்துட்டுப் போயிருவாங்களாப்பா?"

ஆமாம்மா என்றேன்.

மூன்று வாரம் கழித்து நடந்ததைச் சொல்லத்தான் இந்த மடல்.

சுற்றுலா அன்று காலை ஏழரைக்கே வண்டியைப் பள்ளி முன்னால் நிறுத்திவிட்டேன். வகுப்பில் 34 பேர். வந்தது 25 பேர். ஆசிரியர்கள் நான்கு பேர். என் வண்டியில் 21 சீட், இன்னொன்றில் 18. கணக்குப் போட்டுப் பாருங்கள், பத்து சீட் காலி. வராத ஒன்பது பேரில் ஐந்து பேர் நானூறு ரூபாய் கட்ட முடியாதவர்கள். இரண்டு பெண்பிள்ளைகளை, போகிற இடத்தில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்று வீட்டில் விடவில்லை. ஒரு பையன் ஆட்டிசம் உள்ளவன். சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவான், யார் பார்த்துக்கொள்வது என்று அவன் அம்மாவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஒன்பதாவது ஆள், என் மகளுக்குப் பக்கத்தில் உட்காருகிற பிள்ளை. சக்கர நாற்காலியில் வருகிறவள்.

மற்ற எட்டுப் பேரையும் நான் பார்க்கவில்லை. இந்தப் பிள்ளையைப் பார்த்தேன். அவள் வீடு பள்ளிக்கு எதிர்ச்சந்து. வழியனுப்ப வந்திருந்தாள். தலையில் பூ வைத்து, யூனிஃபார்முக்குப் பதிலாகக் கலர் உடுப்புப் போட்டிருந்தாள். கடைசி நேரத்தில் யாராவது "நீயும் ஏறு" என்று சொல்லிவிடுவார்கள் என்று நினைத்துத்தான் அந்தப் பிள்ளை அப்படிக் கிளம்பி வந்தது என்று எனக்கு இப்போது படுகிறது. வண்டியை எடுத்ததும் இடப்பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். வாசலில் நாற்காலியைத் திருப்பி வைத்துக்கொண்டு கை காட்டிக்கொண்டே இருந்தாள். வளைவு திரும்புகிற வரைக்கும் கையை இறக்கவில்லை.

நான் யாரையும் குற்றம் சொல்ல எழுதவில்லை. ஏனென்றால் முதல் குற்றம் என்னுடையது. ராமேஸ்வரத்துக்கும் பழனிக்கும் நடக்க முடியாத பெரியவர்களைக் கூட்டிப்போய் எனக்குப் பழக்கம். சக்கர நாற்காலியை மடக்கினால் டிக்கியில் ஒரு பெரிய பெட்டிக்கு உண்டான இடம் போதும். ஆளை எப்படித் தூக்கினால் வலிக்காது, எந்த சீட்டில் உட்காரவைத்தால் வண்டி குலுங்கும்போது பிடிமானம் இருக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. இதைச் சொல்லாமல் உங்களிடம் எதையும் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

சரி, அன்றைக்குக் கீழடியில் என்ன கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒன்பது பேர் எதை இழந்தார்கள் என்பது விளங்காது.

டிரைவர்கள் பொதுவாக உள்ளே போக மாட்டோம். சீட்டைச் சாய்த்துத் தூங்குவோம். அன்று டீச்சர் வற்புறுத்தியதால் போனேன். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் அது, செட்டிநாட்டு வீடு மாதிரிக் கட்டியிருக்கிறார்கள். மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அந்தப் பக்கம் ஆயிரம் தடவை போயிருப்பேன், ஒரு தடவையும் நிறுத்தியதில்லை.

டீச்சர் ஒரு கயிற்றை எடுத்து மூன்றரை மீட்டர் அளந்து, ஒரு முனையை ஒரு பையன் கையிலும் மறுமுனையை இன்னொருவன் கையிலும் கொடுத்தார். "இவ்வளவு ஆழம் தோண்டினா எந்தக் காலம் வரும்?" என்று கேட்டார். நூறு வருஷம், ஐந்நூறு வருஷம் என்று பிள்ளைகள் கத்தினார்கள். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டை அமெரிக்காவுக்கு அனுப்பிச் சோதித்தபோது கி.மு. 580 என்று வந்ததை அவர் சொன்னார். 2019-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட கணக்கு. கயிற்றைப் பிடித்திருந்த பையன் கயிற்றையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் கணக்கில் ஃபெயில் ஆகிறவன் என்று என் மகள் சொல்லியிருக்கிறாள். அன்று எல்லாரையும் முந்தி, "அப்போ இப்பலருந்து ரெண்டாயிரத்து அறுநூறு வருசம் டீச்சர்!" என்றவன் அவன்தான்.

பானை ஓடுகளில் பெயர் எழுதியிருந்தது. ஆதன், குவிரன் ஆதன். சுட்ட பிறகு கீறி எழுதியவை, எழுத்தும் ஒரே கையெழுத்தாக இல்லை, அதனால் சாதாரண சனங்களும் எழுதத் தெரிந்தவர்களாக இருந்திருக்க வேண்டும் என்று டீச்சர் விளக்கினார். எங்கள் பிள்ளைகளும் டிபன் பாக்ஸில் பெயரைக் கீறித்தான் வைத்திருக்கிறார்கள். ஒருத்தி உடனே தன் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் காட்டினாள். தந்தச் சீப்பு, பகடைக்காய், நூல் நூற்கிற தக்களி, வடக்கேயிருந்து வந்திருக்கக்கூடிய சூதுபவள மணி எல்லாம் இருந்தன. ஆனால் பிள்ளைகள் கூட்டமாக மொய்த்தது ஒரே ஒரு இடத்தில்: வட்டச்சில்லு வைத்திருந்த இடத்தில். உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்து வைத்திருக்கிறார்கள். பாண்டி விளையாடுகிற சில்லு! நம் பள்ளி வேப்பமரத்தடியில் இன்றைக்கும் ஓட்டுத்துண்டைத் தேய்த்து விளையாடுவது அதேதான்.

திரும்பி வரும்போது என் மகள் எனக்குப் பின்சீட்டில் இருந்தாள். வண்டியே பாட்டும் கூத்துமாக இருக்க, இவள் மட்டும் பேசவில்லை. என்னம்மா என்றேன். "அவதாம்ப்பா எனக்குச் சில்லு தேச்சுக் குடுப்பா. நான் நொண்டி அடிப்பேன், அவ உக்காந்தே எந்தக் கட்டத்துல போடணும்னு சொல்லுவா. அவ பாக்க வேண்டியது இது" என்றாள்.

அதற்குமேல் ஊர் வரைக்கும் நானும் பேசவில்லை.

கீழடியைப் பற்றி டீச்சர் சொன்ன இன்னொரு விஷயமும் என் மனதில் நிற்கிறது. அங்கே முறையான அகழாய்வு தொடங்கியது 2014-15-இல், மத்தியத் தொல்லியல் துறை ஆட்கள் வந்தபோது. 2018-இலிருந்து மாநிலத் துறை தோண்டுகிறது. ஆனால் அதற்கு நாற்பது வருஷத்துக்கு முன்பே, 1970-களில், கீழடிப் பள்ளியில் ஆசிரியராக இருந்த பாலசுப்பிரமணியம் அங்கே கிடைத்த பழம்பொருள்களைப் பார்த்து, இது பழைய ஊர் என்று புரிந்துகொண்டு சேர்த்து வைத்துத் துறைக்கும் சொல்லியிருக்கிறார். ஒரு பள்ளிக்கூட வாத்தியார்தான் முதல் கண். யார் கண்ணில் எது படும் என்று முன்கூட்டி யாருக்குத் தெரியும்? அதனால்தான் கேட்கிறேன், ஒன்பது சோடிக் கண்ணை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாமா?

இனி பண்டிகைகள். இங்கே எனக்கு முழுச் சம்மதமும் இருக்கிறது, கொஞ்சம் வருத்தமும் இருக்கிறது.

சம்மதம் எதற்கென்றால், தீபாவளி முடிந்த வாரத்தில் நடந்த ஒரு காரியத்துக்கு. நம் பள்ளியில் பீகார்க்காரப் பிள்ளை ஒருத்தி ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். அப்பா கட்டட வேலை. தமிழ் நன்றாகப் பேசுவாள், ஆனால் கூச்சம். அவள் வீட்டுப் பண்டிகை என்ன என்று வகுப்பில் கேட்டிருக்கிறார்கள். தீபாவளிக்கு ஆறாம் நாள் வருகிற சட் பூஜையைச் சொல்லியிருக்கிறாள். சூரியனைக் கும்பிடுவது, சாயங்காலம் மறைகிற சூரியனுக்கும் மறுநாள் விடிகாலையில் உதிக்கிற சூரியனுக்கும் தண்ணீரில் நின்று படையல் காட்டுவது. அவள் அம்மா தேகுவா என்று ஒன்றைச் சுட்டுக் கொடுத்துவிட்டார். கோதுமை மாவும் வெல்லமும் பிசைந்து பொரித்தது. அதிரசம் மாதிரி இருக்கிறது என்று பிள்ளைகள் சொன்னதும், அதிரசம் என்றால் என்ன என்று அவள் கேட்க, மறுநாள் நாலு வீட்டிலிருந்து அதிரசம் வந்துவிட்டது. மேடை கிடையாது, மைக் கிடையாது, சிறப்பு விருந்தினர் கிடையாது. அந்தப் பிள்ளை இப்போது இறைவணக்கக் கூட்டத்தில் திருக்குறள் சொல்கிறாள்.

வருத்தம் டிசம்பரில் நடந்த பெரிய விழாவைப் பற்றி. ஒருவனுக்குத் தொப்பி, ஒருத்திக்குப் பட்டுப்பாவாடை, ஒருத்திக்கு வெள்ளை கவுன், மூன்று பேரும் கை கோத்து நிற்க ஒரு போட்டோ. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் வாடகைக்கு உடுப்பு எடுக்க முடிந்த வீட்டுப் பிள்ளைகள்தான் அந்த மேடையில் இருந்தார்கள். தொப்பி போட்டு நின்ற பையன் முஸ்லிமும் இல்லை. நிஜமாகவே முஸ்லிம் வீட்டிலிருந்து வருகிற மூன்று பிள்ளைகள் கீழே உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, உன் வீட்டில் நோன்பு எப்படித் திறப்பீர்கள் என்று கேட்டிருந்தால், கஞ்சியின் வாசனையோடு பத்து நிமிஷம் பேசியிருப்பான். தேகுவா அன்று நடந்த மாதிரியே அதுவும் நடந்திருக்கும்.

அந்த விழாவில் ஸ்பீக்கரை அலறவிட்டதில் ஆட்டிசம் உள்ள பையன் முதல் பாட்டிலேயே கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு ஓடிவிட்டான். பூக்கார அக்கா பிடித்து வைத்திருந்ததால் தப்பித்தான். அந்தப் பையனுக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு: பொருளை வரிசைப்படுத்துவது. கலர் கலராக அடுக்குவான், ஒரு கோடு பிசகாது. விழா அலங்காரத்தையே அவன் கையில் கொடுக்கலாம். பாட்டுப் போடுகிற நேரத்தை முன்கூட்டிச் சொல்லி, அந்த நேரத்துக்கு அவனைப் பின்பக்க வகுப்பறைக்குக் கூட்டிப்போகலாம். சத்தத்தைக் குறைத்தால் இன்னும் நல்லது, கைக்குழந்தையோடு வருகிற தாய்மார்களும் கும்பிடுவார்கள்.

அப்புறம் டிசம்பர் 3. மாற்றுத்திறனாளிகள் தினம். அன்று அந்தச் சக்கர நாற்காலிப் பிள்ளையை மேடைக்குத் தூக்கிக்கொண்டுபோய், சால்வை போட்டு, ஒரு பிளாஸ்டிக் டப்பா பரிசு கொடுத்தீர்கள். கை தட்டல் பலமாக இருந்தது. நானும் தட்டினேன். ஆனால் இரண்டு வாரத்துக்கு முன்னால் அதே பிள்ளைக்குத் தேவைப்பட்டது வண்டியில் ஒரு சீட். அதைக் கொடுத்திருந்தால் சால்வையே வேண்டாம் என்றிருப்பாள்.

சாதி விஷயத்தில் நம் பள்ளி தேவலை என்றுதான் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு ஒரே பானை, எல்லா வீட்டு அரிசியும் அதில். 2023-இல் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் சாதி வெறியில் வெட்டியதைக் கேட்டு எந்தப் பெற்றோர் தூங்கியிருப்பார்? அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, கையில் சாதிக்கயிறு கட்டக்கூடாது என்பதிலிருந்து பலதையும் சொல்லி 2024-இல் அறிக்கை கொடுத்தது. நம் டீச்சர் அதன்படி உத்தரவு வரட்டும் என்று காத்திருக்காமல் கக்கனை வகுப்புக்குள் கூட்டிவந்தார். அந்தப் பாடம் புத்தகத்தோடு நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் ஆசை.

இப்போது நடைமுறைக்கு வருகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு, அதனால் கணக்காகவே சொல்கிறேன்.

போன வருஷம் தலைக்கு நானூறு ரூபாய் வாங்கினீர்கள். அதில் டி-ஷர்ட் 150, சாப்பாடு 60, வண்டிக்கும் நுழைவுச்சீட்டுக்கும் 190. நாங்கள் இரண்டு வண்டிக்காரர்களும் டீசலும் பேட்டாவும்தான் வாங்கினோம். இந்த வருஷம் டி-ஷர்ட்டை விட்டுவிடுங்கள். யூனிஃபார்மில் போனால் கூட்டத்தில் பிள்ளைகளை அடையாளம் காண்பதும் சுலபம். சத்துணவு அம்மாவிடம் முன்கூட்டிச் சொன்னால் காலையிலேயே புளியோதரையும் முட்டையும் கட்டிக் கொடுப்பார், நானே கேட்டுப் பார்த்துவிட்டேன். மீதி அந்த வண்டிச் செலவு. 25 பேர் பங்கு போட்டதால் 190 ஆனது, 34 பேர் போயிருந்தால் தலைக்கு ஏறக்குறைய 140-க்கே முடிந்திருக்கும். அதையும் கட்ட முடியாத வீடுகள் இருக்கும். அதற்கு, அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை சேர்க்கிற "நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி" திட்டம் வழியாகவோ, முன்னாள் மாணவர்களிடமோ கேட்கலாம். கட்டாத பிள்ளையின் பெயரை வகுப்பில் வாசிக்காமல் இருந்தால் போதும். என் மகள் வகுப்பில் வாசித்தார்கள். அந்த ஐந்து பேரில் இரண்டு பேர் மறுநாளிலிருந்து "எனக்குக் கீழடி பிடிக்காது" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

கழிப்பறைக்கு ஒரு வழி: போவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு டீச்சரும் ஒரு தாயும் என்னோடு வாருங்கள். நாம் நிற்கப்போகிற ஒவ்வொரு இடத்திலும் கழிப்பறையைத் திறந்து பார்த்துவிடுவோம். தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, நாற்காலி உள்ளே போகுமா, எத்தனை படி. அந்தத் தாய் வந்து மற்றத் தாய்மார்களிடம் சொன்னால், பெண்பிள்ளைகளை அனுப்ப யாரும் தயங்க மாட்டார்கள். நான் சொன்னால் நம்ப மாட்டார்கள், அவர் சொன்னால் நம்புவார்கள்.

எங்கே போவது என்பதை டீச்சரிடமே விட்டுவிடுகிறேன், ஒரு யோசனை மட்டும். ஏழாம் வகுப்பு இரண்டாம் பருவத்தில் விஜயநகரம் வருகிறது. அந்தப் பாடம் முடிகிற வாரமே திருமலை நாயக்கர் மகாலுக்குப் போகலாம். விஜயநகரத்து ஆட்கள் வைத்த நாயக்கர்கள்தான் இங்கே ஆண்டார்கள் என்பது அந்தத் தூணுக்குக் கீழே நின்று கேட்டால் மறக்காது. 1636-இல் கட்டிய மகாலில் இப்போது நிற்பது ஒரு பங்குதான், பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்தில் பெயர்த்துத் திருச்சிக்குக் கொண்டுபோனது போக மிச்சம். ஊருக்குள்ளேயே இருப்பதால் செலவும் குறைவு. மூன்றாம் பருவத்தில் சமணம், பௌத்தம் பாடம் வரும்போது கீழக்குயில்குடி சமணர் மலை. அங்கே பேச்சிப்பள்ளம் வரை ஏறப் படி உண்டு, எல்லாராலும் ஏற முடியாது. ஆனால் அடிவாரத்தில் தாமரைக்குளமும் அய்யனார் கோவிலும் ஆலமர நிழலும் இருக்கிறது. பாடத்தை அடிவாரத்தில் எல்லாரையும் வைத்து நடத்திவிட்டு, ஏறுகிறவர்கள் பாதிப் பாதியாக ஏறட்டும். மேலே இருக்கிற தீர்த்தங்கரர் சிற்பங்களையும் வட்டெழுத்தையும் படம் பிடித்துவந்து கீழே இருக்கிறவர்களுக்குக் காட்டட்டும். கீழே இருக்கிறவர்கள் குளத்தையும் கோவில் குதிரைகளையும் வரைந்து வைத்துக் காட்டட்டும். எப்போதும் யாராவது ஒருத்தர் துணைக்குக் கீழே இருக்க வேண்டும், அதுவும் மாறி மாறி.

மேலூர்ப் பக்கம் மாங்குளம் மலையையும் பெரிய வகுப்புக்கு யோசித்துப் பாருங்கள். அங்கே இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட, தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்துக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது, சமண முனிவர்கள் தங்க வெட்டிக் கொடுத்த "பள்ளி"யும் இருக்கிறது. பக்கத்து அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்று 2024 கடைசியில் செய்தி வந்து, சுத்துப்பட்டு ஊரே திரண்டு, 2025 ஜனவரியில் அது கைவிடப்பட்டதைப் பிள்ளைகள் டிவியில் பார்த்தவர்கள்தான். அந்தப் போராட்டத்தில் நடந்துபோன பெரியவர்கள் அங்கேயே இருக்கிறார்கள், அவர்களே வகுப்பு எடுப்பார்கள்.

சட்டத்தைச் சொல்லி மிரட்டுகிற ஆள் நான் இல்லை. ஆனால் குழு உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பதினாறாம் பிரிவில், படிப்போடு சேர்த்து விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்புகளும் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று சொல்கிறது. சுற்றுலாவுக்கும் அது பொருந்தும் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி நம் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதுவதும் குழுதான். அந்தத் திட்டத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேட்கிறேன்: வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளும் போக வழி செய்த பிறகே சுற்றுலாவுக்குத் தேதி குறிக்கப்படும். அக்கா, அடுத்த கூட்டத்தில் இதை நீங்கள் எடுத்து வைத்தால் கையெழுத்துப் போட நாங்கள் பத்து வீடு தயாராக இருக்கிறோம்.

நவம்பர் 19 முதல் 25 வரை உலகப் பாரம்பரிய வாரம். அந்த வாரம் சனிக்கிழமை நான் வேறு சவாரி எடுக்கவில்லை. மர ஆசாரியிடம் சொல்லி வண்டிப் படிக்கு ஒரு சாய்வுப் பலகை செய்து வாங்கிவிட்டேன், அடியில் ரப்பர் ஒட்டியிருக்கிறது, வழுக்காது. என் சொந்தச் செலவு, கணக்கில் வைக்க வேண்டாம். போன வருஷம் போகாத ஒன்பது பேரும் இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கிறார்கள். புதிய ஏழாம் வகுப்பு மகாலுக்குப் போகட்டும். இந்த ஒன்பது பேரை நான் கீழடிக்குக் கூட்டிப்போகிறேன், டீசல் காசு வேண்டாம். கூட வர ஒரு டீச்சரும், அந்தப் பையனின் அம்மாவும் இருந்தால் போதும். என் மகளும் வருகிறேன் என்கிறாள். வட்டச்சில்லு எந்த இடத்தில் இருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியுமாம்.

காலை ஏழரைக்கு வாசலில் வண்டி நிற்கும். சம்மதம் என்றால் ஒரு போன் போடுங்கள், என் நம்பர் ஆபீஸ் நோட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா,
வேன் டிரைவர், மதுரை